நீல் சிலை அகற்றப்பட்டது 1927-லா, 1937-லா?

மாறன்_வரலாறு:
மவுண்ட் ரோட்டில் இருந்த பிரிட்டிஷ் படை அதிகாரி நீல் சிலையை 1927-லேயே சத்தியாக்கிரகிகள் உடைத்துத் தள்ளிவிட்டதாக ஒரு பதிவு சுற்றுகிறது. ராஜாஜி அகற்றினார் என்கிறது இன்னொன்று. எது சரி? பள்ளிக் கண்காட்சிக்குப் பலகை எழுத வேண்டும், படமும் வேண்டும்.

எழும்பூரான்:
அகற்றியது 1937-ல், ராஜாஜி அமைச்சரவை பதவிக்கு வந்த பிறகு. சிலை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது.

1927-ல் நடந்தது வேறு. தொண்டர்கள் சுத்தியலும் கோடரியுமாகச் சிறு சிறு குழுக்களாக வந்து, சில அடி அடித்துவிட்டுக் கைதானார்கள். வெண்கலச் சிலை அந்த அடிகளுக்கு விழாது. விழவைப்பதும் நோக்கமல்ல, சிறை செல்வதுதான் போராட்டமே. திருநெல்வேலி சோமயாஜுலு முன்நின்றார். கடலூர் அஞ்சலை அம்மாள் தம் சிறு மகளோடு கலந்துகொண்டார். வன்முறை கூடாது என்ற நிபந்தனையோடு காந்தி ஆதரித்தார். காமராஜர் தலைமையேற்கத் தயாரானபோது சைமன் கமிஷன் அறிவிப்பு வந்து, கவனம் அந்தப் புறக்கணிப்புக்குத் திரும்பியது.

தேன்மொழி:
நீல் யார் என்பதைப் பலகையில் விடாதீர்கள் சார். அது இல்லாவிட்டால் ஏதோ ஒரு வெள்ளைக்காரர் சிலை மீது வீண் கோபம் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். 1857-ல் சிப்பாய்க் கிளர்ச்சியை அடக்க மதராஸ் ஃபியூசிலியர்ஸ் படையோடு இங்கிருந்து வடக்கே போனவர். காசியிலும் அலகாபாத்திலும் அவர் பொறுப்பில் கண்மூடித்தனமாகத் தூக்கிலிட்டார்கள். கான்பூர் பீபிகர் கட்டடத்தில் ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டது உண்மை, அதையும் எழுதுங்கள். அதற்குப் பழிவாங்க, தூக்கிலிடுமுன் கைதிகளை அங்கிருந்த ரத்தக்கறையைச் சுத்தம் செய்ய வைத்தார் நீல். சிலரை நாவால் நக்க வைத்தார்கள். 25 செப்டம்பர் 1857 அன்று லக்னோவில் சுடப்பட்டு இறந்தார். அந்த மனிதருக்குத்தான் மதராஸின் முதன்மைச் சாலையில் சிலை.

எழும்பூரான்:
படத்தில் கவனம். ஸ்காட்லாந்தின் ஏர் நகரிலும் நீலுக்குச் சிலை உண்டு, செய்தவர் அதே மேத்யூ நோபிள். இணையத்தில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. படக்குறிப்பில் ஊர் இல்லாத எதையும் எடுக்காதீர்கள். 1927 செய்திகளுக்கு அந்த ஆண்டின் சுதேசமித்திரன் இதழ்களைத் தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

மாறன்_வரலாறு:
நன்றி இருவருக்கும். அந்தமானின் நீல் தீவு இவர் பெயரில்தானா?

தேன்மொழி:
ஆமாம். 2018-ல் ஷஹீத் தீவு என்று மாற்றினார்கள். இடமிருந்தால் ஒரு வரி சேருங்கள்.