ஜேபெக் படத்தைத் திருப்பினால் தரம் கெடுமா? கல்மண்டபத்தாருக்கு மறுப்பு

காசிமேடு விடியல்:
வீட்டுக் கணினியில் பழைய ஜேபெக் படங்களை (கேமராக்கள் வழக்கமாகச் சுருக்கிச் சேமிக்கும் கோப்பு வகை) எப்படி அடுக்கி வைப்பது என்று நேற்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். அதற்குக் கல்மண்டபத்தார் எழுதிய பதிலைப் படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை. "ஜேபெக் படத்தை ஒரு தடவை திருப்பினாலும் தரம் கெடும், படுத்துக் கிடக்கிற படத்தை அப்படியே விட்டுவிடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். கேட்டவரும் நன்றி ஐயா என்று போய்விட்டார். இது தவறு. நான் 2009 முதல் வாரத்தில் இரண்டு நாளாவது விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய் மீன் ஏலத்தைப் படம் எடுக்கிறவன். என் படங்களில் பாதி கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்தவை. அத்தனையையும் இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருளில் இழப்பில்லாமல் திருப்பும் வசதியை வைத்துத் திருப்பி, வருஷம், மாதம், இடம் என்று ஃபோல்டர் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்றுகூடக் கெடவில்லை.

ஜேபெக் ஒரு படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் எண்களாக மாற்றி, அந்த எண்களைச் சுருக்கி வைக்கிறது. சுருக்கும்போதுதான் இழப்பு. திருப்பும்போது மறுபடி சுருக்கத் தேவையே இல்லை, கட்டங்களை இடம் மாற்றி, உள்ளே உள்ள எண்களையும் அதற்கேற்ப மாற்றி வைத்தால் போதும். கட்டம் போட்ட கைலியைத் தலைகீழாகக் கட்டினால் கட்டம் அழிந்துவிடுமா? திருப்பினால் கெடாது.

கல்மண்டபத்தார்:
தம்பி, 22 வருஷமாகக் கல்யாண ஆல்பம் போடுகிறவன் நான். பழைய வண்ணாரப்பேட்டையில் என் கை படாத குடும்ப ஆல்பம் குறைவு. ஒரு முகூர்த்தப் படத்தைப் பெண் வீட்டார் நிமிர்த்திக் கேட்டார்கள், பிள்ளை வீட்டார் வேறு மாதிரி வெட்டிக் கேட்டார்கள், அப்புறம் மறுபடி மாற்றச் சொன்னார்கள். தர அளவு 12 வரை இருக்கும் மென்பொருளில் உதவிப் பையன் 8 வைத்தே ஒவ்வொரு தடவையும் சேமித்துவிட்டான். நான்காவது தடவை பார்க்கிறேன், பட்டுப்புடவை ஜரிகை ஓரம் முழுக்கக் கொசு மொய்த்த மாதிரி புள்ளி. மூலப்படத்தின் மேலேயே சேமித்ததால் திரும்ப எடுக்கவும் வழியில்லை. அந்தப் பெண்ணின் அப்பா என் கடையில் வந்து உட்கார்ந்து அழுதார். கைலி உதாரணமெல்லாம் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். திருப்பினால் கெடும்.

பெரம்பூர் லோகோ:
இரண்டு பேரும் ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள்? கூகுளின் படம் அடுக்கும் மென்பொருளான பிக்காசாவை வைத்திருந்தவர்களுக்கு இந்தப் பிரச்சினையே வராது. 2016 மார்ச்சில் கூகுள் அதை நிறுத்தினாலும் என் பழைய கணினியில் இன்றுவரை ஓடுகிறது. அதில் படத்தைத் திருப்பினால் மூலக் கோப்பைத் தொடாது. "இதைத் திருப்பிக் காட்டு" என்று அந்த ஃபோல்டரில் ஒரு மறைகோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். வெளிச்சம் கூட்டுவதும் வெட்டுவதும் அப்படியே. வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். அந்த மாதிரி ஒரு மென்பொருள் இனி வரப்போவதில்லை. திருப்பினால் எப்படிக் கெடும்?

கல்மண்டபத்தார்:
லோகோ சார், உங்களை மாதிரி ஆட்கள்தான் பென்டிரைவோடு என் கடைக்கு வருகிறார்கள். "வீட்டில் நேராக இருந்தது, உங்கள் கடையில் ஏன் படுத்துக் கிடக்கிறது" என்று என்னிடம் சண்டை போடுகிறார்கள். உங்கள் மறைகோப்பு உங்கள் வீட்டோடு சரி. அந்தப் படம் திரும்பவே இல்லை. திருப்பாத படத்தைக் காட்டித் திருப்பினால் கெடவில்லை என்கிறீர்கள்.

காசிமேட்டுத் தம்பிக்கு: போன பொங்கலின்போது, படங்களை இரண்டு ஹார்டு டிஸ்கில் வையுங்கள், ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள் என்று நான் எழுதினேன். அதற்கு "கடைக்காரப் புத்தி, டிஸ்க் விற்கப் பார்க்கிறார்" என்று எழுதியது நீங்கள்தான். நான் டிஸ்க் விற்பதில்லை. அதை நான் மறக்கவில்லை.

காசிமேடு விடியல்:
அன்றைக்கு நீங்கள் ஒரு குறிப்பிட்ட டிஸ்கின் பெயரை மூன்று தடவை எழுதினீர்கள், அதனால் சொன்னேன். அதை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? விஷயத்துக்கு வாருங்கள். உங்கள் பையன் தர அளவு 8 வைத்துச் சேமித்ததால் கெட்டது. திருப்பியதால் கெடவில்லை. நான் ஒரு படத்தை நான்கு முறை திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் மூலப்படத்தின் மேல் வைத்து, வித்தியாசம் காட்டும் முறையில் பார்த்தேன். திரை முழுவதும் கறுப்பு. கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் மாறவில்லை என்றால்தான் அப்படி வரும். நீங்களும் செய்து பாருங்கள். திருப்பினால் கெடாது.

வியாசர்பாடி மகள்:
நான்தான் நேற்று கேட்டவள். அம்மா 2019இல் தவறிவிட்டார். அவருடைய படங்கள் ஒரு பழைய கேமராவில் எடுத்தவை, மொத்தம் 300க்குள்தான் இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து கணினி போய்விட்டது. அண்ணன் வீட்டில் ஒரு சிடியில் இருந்ததால் தப்பித்தவை இவை. அதில் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து மீன் ஆய்கிற படம் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கிறது. அதை நேராக்கிப் பெரிதாகப் போட்டு மாட்ட வேண்டும். படத்தின் அளவு 2592க்கு 1944 புள்ளி என்று காட்டுகிறது. அண்ணா, நீங்கள் மூன்று பேரும் திருப்புவது என்று சொல்வது ஒரே விஷயத்தைத்தானா? எனக்கு மூன்று வெவ்வேறு வேலை மாதிரி தெரிகிறது.

கல்மண்டபத்தார்:
1944! இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். அம்மாவின் படத்தை யாரும் தொடாதீர்கள். தம்பி, உங்கள் கைலிக் கட்டத்துக்கு வருவோம். பெரும்பாலான ஜேபெக் படங்களில் நிறத்துக்கான தகவலைப் பாதியாகக் குறைத்து வைப்பதால் கட்டங்கள் 16க்கு 16 ஆகத்தான் கட்டுக்கட்டாக நிற்கும். 1944ஐ 16ஆல் வகுத்துப் பாருங்கள். 121.5. கடைசியில் அரைக் கட்டம் நிற்கிறது. அதை எங்கே திருப்புவீர்கள்? ஒன்று, அந்த ஓரத்தை வெட்டி எறிய வேண்டும். இல்லையென்றால் திரும்பாமல் ஓரத்தில் கோணலாக நிற்கும். அதுவும் இல்லையென்றால் மறுபடி சுருக்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பியிலேயே இந்த மாதிரி அளவுள்ள படத்தைத் திருப்பப் போனால், தரம் நிரந்தரமாகக் குறையலாம், தொடரவா என்று கேட்கும். அதை எத்தனை பேர் படித்தீர்கள்? எல்லோரும் சரி என்று அழுத்திவிட்டுப் போனீர்கள்.

காசிமேடு விடியல்:
8ஆல் வகுங்கள், 243 வருகிறது. சில கேமராக்களில் கட்டு 16க்கு 8 ஆக இருக்கும், அதில் மிச்சமே வராது. அப்படியே 16க்கு 16 என்று வைத்துக்கொண்டாலும் போவது 8 புள்ளி வரிசை. 1944இல் 8. ஆறுக்கு நான்கு அங்குல அளவில் பிரிண்ட் போட்டால் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பிரிண்ட் கடையில் ஓரம் வெட்டும்போது இதைவிட அதிகம் போகிறது. என் கேமரா 3264க்கு 2448, இரண்டும் 16ஆல் மீதியில்லாமல் வகுபடும். திருப்பினால் கெடாது.

கல்மண்டபத்தார்:
உங்கள் கேமராவில் வகுபடுகிறது என்பதற்காக ஊரில் உள்ள படமெல்லாம் வகுபடுமா? "8 வரிசைதான்" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். ஓரத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? என்னிடம் வந்த ஒரு குழுப் படத்தில் கடைசியில் நின்ற தாத்தாவின் கைத்தடி மட்டும்தான் இருந்தது. அந்தக் குடும்பத்தில் அவருக்கு இருந்த ஒரே அடையாளம் அதுதான். வெட்டினால் வெட்டியதுதான். திருப்பினால் கெடும் என்பதை நீங்களே இப்போது 8 வரிசை அளவுக்கு ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

காசிமேடு விடியல்:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. வெட்டுவது வேறு, கெடுவது வேறு.

பெரம்பூர் லோகோ:
பிக்காசாவில் 8 வரிசையும் போகாது, 16 வரிசையும் போகாது. இதை இரண்டு பேருமே படிக்கவில்லை போலிருக்கிறது.

எண்ணூர் கழிமுகம்:
படம் நேராக இருக்கிறதா கோணலாக இருக்கிறதா என்று அடித்துக்கொள்கிறீர்கள். எடுத்த தேதி போய்விடுகிறதே, அதைப் பற்றி யாராவது பேசினீர்களா? 2023 டிசம்பர் புயல் மழைக்குப் பிறகு கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, எங்கள் படகு, வலை, கைகள் எல்லாம் கறுப்பாக இருந்ததை நான் கைபேசியில் எடுத்தேன். அதை வாட்ஸப்பில் தம்பிக்கு அனுப்பி, அவன் கணினியில் போட்டு வைத்தான். என் கைபேசி அப்புறம் தண்ணீரில் விழுந்துவிட்டது. இப்போது அந்தப் படங்களில் எடுத்த நேரமும் இல்லை, இடமும் இல்லை. கோப்பின் பெயரில் இருப்பது அது வந்து சேர்ந்த தேதி, கணினியில் தெரிவது காப்பி போட்ட தேதி. வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எக்சிஃப் விவரத்தை (எடுத்த நேரம், இடம் என்று படக்கோப்புக்குள்ளேயே இருக்கும் குறிப்பு) நீக்கிவிட்டு, அளவையும் சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்பியிருந்தால் தங்கியிருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. வீட்டில் படம் அடுக்குகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

கல்மண்டபத்தார்:
தேதியை நம்பியா இருக்கிறீர்கள்? எக்சிஃப் தேதியை எக்சிஃப்டூல் என்ற மென்பொருளை வைத்து ஒரு வரிக் கட்டளையில் ஆயிரம் படத்துக்கு மாற்றலாம். கேமராவில் பேட்டரி முழுக்கப் போய்விட்டால் கடிகாரமே முதல் வருஷத்துக்குப் போய் நிற்கும். அதனால் தேதி ஒரு பெரிய சாட்சி இல்லை.

எண்ணூர் கழிமுகம்:
அப்படியென்றால் நான் தேதியை மாற்றியிருப்பேன் என்கிறீர்களா? அந்த எண்ணெயை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவியவர்கள் நாங்கள். கடையில் ஏசியில் உட்கார்ந்து ஆல்பம் போடுகிறவருக்குத் தேதி பெரிய விஷயம் இல்லைதான்.

கல்மண்டபத்தார்:
உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னேன். அப்புறம் என் கடையில் ஏசி இல்லை. நீங்கள் எடுத்த மூலம் உங்களிடம் இல்லை, அதுதான் குறை. மூலத்தைத் தொடாதே, மூலத்தைத் தொலைக்காதே, இதைத்தான் நான் முதலிலிருந்து கத்துகிறேன். மூலப்படத்தைத் தனி ஃபோல்டரில் போடுங்கள், வலது கிளிக் செய்து படிக்க மட்டும் என்று வையுங்கள். திருத்துவதெல்லாம் காப்பியில். திருத்தியதை ஜேபெக்கில் திரும்பத் திரும்பச் சேமிக்காமல் டிஃப் மாதிரி இழப்பில்லாத வடிவத்தில் வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே ஒரு தடவை ஜேபெக் ஆக்குங்கள். ஒரு டிஸ்க் வீட்டில், ஒரு டிஸ்க் மாடியிலோ சொந்தக்காரர் வீட்டிலோ. வியாசர்பாடி மகளுக்கு என்ன நடந்தது என்று பார்த்தீர்கள்தானே, அண்ணன் வீட்டுச் சிடிதான் காப்பாற்றியது. இதைச் சொன்னதற்குத்தான் எனக்குக் கடைக்காரப் புத்தி என்று பட்டம் கிடைத்தது.

காசிமேடு விடியல்:
மறுபடியும் டிஸ்கா! காப்பி வைத்துக்கொள்வது நல்லது என்பதில் யாருக்குச் சண்டை? நீங்கள் சொன்னது "ஒரு தடவை திருப்பினாலும் கெடும்". அதை மட்டும் தவறு என்று சொல்லிவிடுங்கள், நான் போய்விடுகிறேன். உங்கள் பேச்சைக் கேட்டு எத்தனை வீட்டில் எத்தனை படம் இன்னும் படுத்துக் கிடக்கிறதோ. இன்னொன்றும் சொல்கிறேன். புதிய கேமராக்களும் கைபேசிகளும் எந்தப் பக்கம் பிடித்தோம் என்று எக்சிஃபில் 1 முதல் 8 வரை ஒரு எண் எழுதி வைக்கும். அந்த எண்ணை மட்டும் மாற்றினாலும் படம் திரும்பும், ஒரு புள்ளிகூட அசையாது.

கல்மண்டபத்தார்:
அந்த எண்ணைப் படிக்கத் தெரியாத பழைய மென்பொருளில் திறந்தால் மறுபடியும் படுத்துக்கொள்ளும். லோகோ சாரின் மறைகோப்பு மாதிரிதான் இதுவும். அதற்குப் பெயர் திருப்புவது இல்லை. உண்மையாகத் திருப்பினால் கெடும்.

பெரம்பூர் லோகோ:
என் மறைகோப்பை ஏன் இவ்வளவு கேவலமாகப் பேசுகிறீர்கள்? 14 வருஷப் படங்கள் அதில் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் முகமெல்லாம் பெயரோடு அதில்தான் குறித்து வைத்திருக்கிறேன்.

எண்ணூர் கழிமுகம்:
பொதுவாகச் சொன்னேன் என்றால் போதாது. சாட்சி இல்லை என்று சொன்னதை எடுக்கச் சொல்லுங்கள்.

வியாசர்பாடி மகள்:
அம்மா படத்தைக் காப்பி எடுத்து இர்ஃபான்வியூவில் திருப்பிப் பார்த்தேன். கண்ணுக்கு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வாசற்படியின் ஒரு ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய கோடு இருக்கிற மாதிரி இருக்கிறது, அது முன்பே இருந்ததா என்று புரியவில்லை. இதை நம்பிப் பெரிதாகப் போடலாமா?

கல்மண்டபத்தார்:
பார்த்தீர்களா, கோடு! அரைக் கட்டம்தான் அது. அம்மா, அந்தக் காப்பியை விடுங்கள், மூலத்தைப் பென்டிரைவில் கொண்டு வாருங்கள், டிஃப் ஆக்கி நேராக்கிப் போட்டுத் தருகிறேன், அம்மா படத்துக்குக் காசு வேண்டாம்.

காசிமேடு விடியல்:
அவர் கடையிலும் திருப்பித்தானே ஆக வேண்டும்? அக்கா, எங்கும் போகாதீர்கள். அந்தக் கோடு மூலத்திலேயே இருக்கும், இரண்டையும் ஜிம்ப்பில் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். நான் நாளை ஏலம் முடிந்து வந்ததும் ஒரு படத்தை 50 தடவை திருப்பி, மூலத்தையும் சேர்த்து இங்கே போடுகிறேன்.

கல்மண்டபத்தார்:
போடுங்கள். ஆனால் 2448 வேண்டாம், 1944இல் எடுத்த படமாகப் போடுங்கள்.