புதுப்பிப்பு: அப்பாவின் வெடித்த கல்லீரல் கட்டி, ரத்தக்குழாய் அடைப்பு சிகிச்சைக்குப் பிறகு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேட்டிருந்தேன்: அப்பாவுக்குக் கல்லீரல் புற்றுக்கட்டி வெடித்து வயிற்றுக்குள் ரத்தக்கசிவு, உடனே ஆபரேஷனா, வேறு வழி உண்டா என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது "ரத்தக்குழாயை அடைக்கிற வசதி இருக்கும் இடமா பார்த்துப் போங்க" என்ற யோசனைதான். பாலக்காட்டில் ரத்தம் ஏற்றிக்கொண்டு, வாளையாறு தாண்டிக் கோவைக்குப் போனோம். தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்குப் போகும் தமனியை அடைத்தார்கள். கசிவு நின்றது. காலை மடக்கக் கூடாது என்றதற்கு அப்பா நர்ஸம்மாவிடம் மலையாளத்தில் ஒரே சண்டை.

அப்புறம் காய்ச்சலும் வலியும் வந்ததுதான் எதிர்பாராதது. அடைப்புக்குப் பிறகு சகஜம், அடங்கிவிடும் என்றார்கள், அடங்கியது. கல்லீரல் திணறினால் ரத்தத்தில் கூடும் மஞ்சள் நிறமியான பிலிருபின் ஏறியதுதான் நிஜமான கவலை. கசிவு நின்றாலும் மிச்சக் கல்லீரல் தாங்கினால்தான் ஆள் தேறுவார். பிலிருபின் இறங்கிய பிறகே ஆபரேஷன் பேச்சை எடுத்தார்கள். கட்டியை எடுத்தாயிற்று. வெடித்த கட்டியின் செல்கள் வயிற்று உறையில் ஒட்டி வளரலாம் என்பதால் ஸ்கேனும், கல்லீரல் புற்று இருந்தால் கூடக்கூடிய புரதத்தைப் பார்க்கும் ஏஎஃப்பி ரத்தப் பரிசோதனையும் தொடர்கின்றன.

மூல காரணம் ஹெபடைடிஸ் பி என்ற, கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று. வீட்டில் எல்லாரையும் பரிசோதிக்கச் சொன்னார்கள். தம்பிக்கும் பாசிட்டிவ், அவனுக்குத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.