ஸ்லோ பிட்ச் சொஃப்ட்போலில் பந்து எறிவது எப்படி?

வெள்ளவத்தை லெக் ஸ்பின்னர்:
இங்கே மென்பந்து என்றால் ரெனிஸ் பந்துக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் கேட்பது, பேஸ்போலைப் போன்றதும், கையைத் தாழ வீசிப் பந்தை மேலெழுப்பி எறிவதுமான ஸ்லோ பிட்ச் சொஃப்ட்போலைப் பற்றி. ரொறொன்ரோவிலிருந்து வந்த மைத்துனர் கையுறைகளும் பந்துகளும் கொண்டுவந்த நாளிலிருந்து, அலுவலக நண்பர்களோடு ஞாயிறு காலைகளில் ஆடி வருகிறோம். நான் தாழ எறிந்தால் நடுவர் முறையற்ற பந்து என்கிறார். உயர எறிந்தால், அடிப்பவரின் பக்கத்தில் தரையில் பதித்த ஹோம் பிளேட் தட்டுக்கு முன்பே விழுகிறது. இரண்டுக்கும் இடையில் எறிந்தால் அடிப்பவர் அதை மதிலுக்கு அப்பால் அடித்துவிடுகிறார். பல ஆண்டுகள் லெக் ஸ்பின் வீசிய கைக்கு இது ஏன் வசப்படவில்லை?

தெஹிவளை பழைய எறிவாளர்:
உங்கள் கை இன்னும் விக்கெட்டைத் தேடுகிறது. ஸ்லோ பிட்ச்சில் பலர் பின்பற்றும் ஒரு விதிப்படி, 50 அடி தூரத்திலிருந்து எறியப்படும் பந்தின் உச்சி தரையிலிருந்து 6 அடிக்குக் குறையாமலும் 12 அடியைத் தாண்டாமலும் இருக்கவேண்டும். 12 அடியை ஒட்டி ஏறும் பந்து ஏறத்தாழ ஒன்றரை வினாடி காற்றில் இருந்துவிட்டுக் கூடிய சரிவோடு இறங்குவதால், மட்டை அதைச் சந்திக்கக்கூடிய இடம் மிகவும் சுருங்கிவிடுகிறது. 6 அடியை ஒட்டி வருவதோ மட்டையின் போக்கிலேயே வருகிறது; உங்கள் மதில் கணக்கு அதனால்தான்.

உயரம் மட்டும் போதாது, ஆழமும் வேண்டும். நான் இரண்டு கம்பங்களுக்கிடையே 12 அடியில் ஒரு நைலோன் கொடியைக் கட்டி, பிளேட்டின் பின்முனைக்கு அப்பால் வெற்று அரிசிச் சாக்கொன்றை விரித்துவைத்துப் பழகினேன். கொடியை உரசாமல் அதன் கீழாகப் போகும் பந்து, அடிப்பவரின் முன்முழங்காலுக்குச் சற்று மேலாகப் பிளேட்டைக் கடந்து சாக்கில் விழுந்தால் அது நல்ல ஸ்ட்ரைக், அதாவது அடிப்பவருக்கு எதிராகக் கணக்கிடப்படும் முறையான பந்து.

சுழற்சி பிறகு வரட்டும். உள்ளங்கை அடிப்பவரைப் பார்க்க விரல்நுனியால் விட்டால் பந்து முன்சுழன்று சட்டென்று குத்தி இறங்கும். புறங்கை அவரைப் பார்க்க விட்டால் பின்சுழன்று சற்று மிதந்து ஆழமாகப் போகும். நீங்கள் முன்னே விழுகிறது என்று வருந்துவதால் இரண்டாவதை முயன்று பாருங்கள்.

கொள்ளுப்பிட்டி வாசகர்:
காற்றை மறந்துவிட்டீர்கள். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் காலிமுகத்திடலில் கடலைப் பார்த்து எறிந்தால் பந்து குறுகி விழும், முதுகைக் காட்டி எறிந்தால் சாக்கையும் தாண்டும். எதிர்காற்றில் நான் சுழற்சியே இல்லாமல், விரல் கணுக்களால் பிடித்துத் தள்ளிவிடுவேன். அது எங்கே ஆடி இறங்கும் என்று எனக்கே தெரியாது, அடிப்பவருக்கு எப்படித் தெரியும்?

வெள்ளவத்தை லெக் ஸ்பின்னர்:
இருவருக்கும் நன்றி. நேற்று மாலை புறங்கை முறையில் முப்பது பந்துகள் எறிந்தேன். பதினொன்று சாக்கில் விழுந்தன. ஆனால் நேராகத் திரும்பி வந்த ஓர் அடி, என் காதருகே சீறிச் சென்றது.

தெஹிவளை பழைய எறிவாளர்:
எறிந்த கையோடு அங்கேயே நின்று அழகு பார்த்திருப்பீர்கள். பந்து கையை விட்டதும் மூன்று நான்கு அடி பின்வாங்கி, கையுறையை நெஞ்சுக்கு நேரே உயர்த்திக் கொள்ளுங்கள். விடும் கணம் வரை மட்டும் ஒரு கால், எறிபவர் நிற்கும் எறிதட்டிலேயே இருக்கவேண்டும். முகக்கவசம் ஒன்றையும் மைத்துனரிடம் கேட்டு வையுங்கள்.