முட்கன்னத் தேனுண்ணி: ‘சிட்டு’ ஏன் வேண்டாம்

வணக்கம் ஐயா,

ஆஸ்திரேலியாவுல இருக்கற ‘ஸ்பைனி-சீக்டு ஹனிஈட்டர்’ (Spiny-cheeked Honeyeater) பறவைக்குத் தமிழ்ப்பேரா நீங்க சொன்ன ‘வறள்நிலத் தேன்சிட்டு’ பத்தி ரெண்டு நாளா யோசிச்சேன். வறள்நிலம்ங்கறது உண்மைதான், ஆஸ்திரேலியாவோட உள்நாட்டுக் காஞ்ச காட்டுலயும் அக்கேசியா புதர்லயும் இருக்கற பறவைதான், ஆனா அங்க தேன் குடிக்கற பறவை எத்தனையோ இருக்கு, இடத்த மட்டும் வச்சுப் பேர் போட்டா எதுன்னு யாருக்கும் அடையாளம் தெரியாது. அதவிட உறுத்துறது ‘சிட்டு’. தேன்சிட்டு சுமார் 10 செ.மீ., இது 22லேருந்து 26 செ.மீ., கிட்டத்தட்ட மைனா சைஸ். குடும்பமும் வேற, ரெண்டுக்கும் கிட்டத்து உறவே கெடையாது.

போட்டோவப் பெரிசாக்கிப் பாருங்க. அலகு அடியில ரோஸ், நுனி கறுப்பு, கண்ணு நீலம், தொண்டையும் மேல்மார்பும் வெளிறுன காவி. கண்ணு வழியா ஒரு கறுப்புப் பட்டை ஓடுது, அதுக்குக் கீழ கன்னத்துல வெள்ளையா முள்ளு முள்ளா நிக்குதே, அதுவும் இறகுதான், ஆனா வெறச்ச இறகு. 1838ல பறவையியலாளர் ஜான் கூல்டு வச்ச அகந்தாஜெனிஸ் ரூஃபோகுலாரிஸ்ங்கற அறிவியல் பேர்லயும் முள்ளு, கன்னம், செந்தொண்டை மூணும் இருக்கு. அந்தப் பேரினத்துல (genus) இது ஒண்ணே ஒண்ணுதான், அதனால ‘முட்கன்னம்’னு சொன்னா வேற எதோடயும் குழம்பாது.

அடுத்தது ‘தேனுண்ணி’யில வர்ற ‘உண்ணி’. மாட்டு உண்ணி ஞாபகம் வருதுன்னு சொன்னீங்க, நியாயம்தான், உண்ணிக்கொக்குல இருக்கறதே அந்த உண்ணிதான். ஆனா தாவரஉண்ணி, ஊனுண்ணின்னு பாடப்புத்தகத்துலயே படிச்சு வளந்துட்டோம், முன்னால ‘தேன்’ வந்துட்டா பொருள் மாறாதுன்னு நெனைக்கறேன். ‘தேன்பருகி’ கேக்க அழகா இருக்கு, எனக்கும் ஆசைதான், ஆனா இந்தப் பறவை தேன மட்டுமா நம்பி இருக்கு? புல்லுருவிப் பழம்னா விடாது, பூச்சியும் புடிக்கும். பருகின்னா குடிக்கறது மட்டும்தான வருது, உண்ணியில சாப்பிடறதும் சேந்து வந்துடுது. நாக்கு நுனி பிரஷ் மாதிரி பிரிஞ்சு இருக்கறதால ‘தேன்நக்கி’ன்னும் ஒருத்தர் சொல்லியிருந்தார், செயலுக்குப் பொருந்துது, ஆனா ஒரு பறவைய அப்படிக் கூப்பிட எனக்கு மனசு வரல.

அதனால ஹனிஈட்டர் குடும்பத்துக்குத் ‘தேனுண்ணி’, இந்த இனத்துக்கு ‘முட்கன்னத் தேனுண்ணி’. முட்செடி மாதிரி சேத்தே எழுதிடலாம், ‘முள் கன்ன’ன்னு பிரிச்சுப் போட்டா தேடும்போது ரெண்டு பேரா சிதறிடும். தேன்சிட்டு நம்ம தேன்சிட்டுக்கே இருக்கட்டும் ஐயா.