ஜியாலஜி முடித்தவருக்கு எண்ணெய்த் துறையில் வேலை நிச்சயமா?

பாறைச்சுத்தி:
நேற்று ஒருவர் எழுதிவிட்டுப் போனார்: "மூத்த ஜியாலஜிஸ்டுகள் ஓய்வு பெறுகிறார்கள், அத்தனை இடமும் புதியவர்களுக்குத்தான், தைரியமாகச் சேருங்கள்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 2014-க்கு முன்பும் இதையேதான் சொன்னார்கள். அந்த வருட நடுவில் கச்சா எண்ணெய் பீப்பாய் 110 டாலருக்கு மேல். 2016 ஜனவரியில் 30-க்குக் கீழ். காலியான நாற்காலியில் யாரையும் உட்கார வைக்கவில்லை, நாற்காலியையே தூக்கிவிட்டார்கள்.

அடுக்குப்பாறை:
அந்த "ஒருவர்" நான்தான், பெயரைச் சொல்லியே கேட்கலாம். விழுந்த விலை ஏறவே இல்லையா? 2022-ல் 100-ஐத் தாண்டியதே!

பாறைச்சுத்தி:
தாண்டியது. அந்த லாபம் எங்கே போனது? டிவிடெண்டுக்கும், சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்கவும். நாற்காலி திரும்பி வந்ததா? அதைச் சொல்லுங்கள்.

அதிர்வலை:
ஜியாலஜிக்கு இல்லை என்று சொல்லுங்கள் சார். ஜியோபிசிக்ஸோடு பைத்தான் புரோகிராமிங்கும் தெரிந்தவர்கள் பாடு வேறு.

பாறைச்சுத்தி:
சீஸ்மிக்கில், அதாவது அதிர்வலையால் எடுத்த நிலத்தடிப் படத்தில், ஃபால்ட் (பாறை முறிவு) கோடு போடுவதை இப்போது மென்பொருளே செய்கிறது. ஜூனியர்களுக்குக் கொடுத்துவந்த வேலை அதுதான். முதலில் போகப்போவது உங்கள் நாற்காலி.

அதிர்வலை:
உப்புப் படலத்துக்கு அடியில் படம் குழம்பிக் கிடக்கும்போது அந்த மென்பொருள் போடும் கோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தவர் இப்படிப் பேசமாட்டார்.

அடுக்குப்பாறை:
எண்ணெய் மட்டும்தான் எரிசக்தியா? நார்வேயின் ஸ்லெய்ப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் கரியமில வாயுவைக் காற்றில் விடாமல் கடலடி மணற்பாறைக்குள் செலுத்துகிறார்கள், பல வருடங்கள் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவில். புவிவெப்பம் வேறு இருக்கிறது.

பாறைச்சுத்தி:
ஸ்லெய்ப்னரில் வாயுவை உள்ளே அனுப்புவது ஒரே கிணறு! அதற்கு எத்தனை ஜியாலஜிஸ்ட் வேண்டும்? அந்த இடத்துக்கும் 2016-லும் 2020-லும் வேலை போன அனுபவசாலிகள் வரிசையில் நிற்கிறார்கள். புதியவருக்கு நாற்காலி எங்கே?

கடைசிசெமஸ்டர்:
அண்ணா, முதுகலை சேரலாமா, மட் லாக்கிங் (கிணறு தோண்டும்போது மேலே வரும் பாறைத்துகளைப் பார்த்துப் பதிவு செய்யும் வேலை) போகலாமா? அதை மட்டும் சொல்லுங்களேன்.

அதிர்வலை:
மட் லாக்கிங் எல்லாம் ஒரு வேலையா தம்பி?

கிணற்றடி:
யாரைப் பார்த்து? துளையிடும் ரிக்கில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் நின்று, அந்தத் துகளை, கட்டிங்ஸைக் கழுவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் மேலே வந்தேன். துளையின் அடியில் உடைந்த துகள் மேலே வர எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போடத் தெரியுமா உங்களுக்கு? தம்பி, பெரிய கம்பெனிகளில் முதுகலை கேட்பார்கள். ரிக்கில் இளங்கலை போதும். ஆனால் விலை விழுந்தால் முதலில் இறக்கிவிடுவதும் எங்களைத்தான்.

அதிர்வலை:
கணக்கு தெரியும். நான் சொன்னது சம்பளத்தை.

கிணற்றடி:
சம்பளம் என்று எங்கே எழுதியிருக்கிறீர்கள்? மேலே போய்ப் பாருங்கள்.

பாறைச்சுத்தி:
"இறக்கிவிடுவார்கள்" என்று அவரே சொல்லிவிட்டார். இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

கிணற்றடி:
உங்களுக்கு ஆதரவாக நான் எதையும் சொல்லவில்லை.

அடுக்குப்பாறை:
முன்பு இங்கே லித்தியம் பேச்சு வந்தபோதும் பாறைச்சுத்தி இப்படித்தான். யாரையும் முடிக்க விடமாட்டார்.

பாறைச்சுத்தி:
லித்தியத்தை இழுக்காதீர்கள். ஓய்வு பெற்றவர் இடத்துக்கெல்லாம் புதியவரை எடுத்த ஒரு கம்பெனி காட்டுங்கள், பேசலாம்.

அடுக்குப்பாறை:
எடுக்கவே இல்லை என்று முதலில் நீங்கள் காட்டுங்கள்.