கிராஸுக்கு நிற்காத பெட்டை முயல்: பிடித்துக் கொடுக்கலாமா?

கரூர்_தோட்டம்:
சோவியத் சின்செல்லா இனப் பெட்டை, எட்டு மாதம், நாலரைக் கிலோ. ஆண் கூண்டில் விட்டால் மூலையில் வாலை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. ஆண் நெருங்கினால் உறுமி முன்காலால் அடிக்கிறது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன், "பிடிச்சுக் கொடு, வேலை முடிஞ்சிடும்" என்கிறார். செய்யலாமா?

நாமக்கல்_கூண்டு:
தாராளமாக. ஒரு கையால் தோள் மேல் தளர்ந்த தோலைப் பிடியுங்கள். இன்னொரு கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்து பின்பக்கத்தை லேசாகத் தூக்குங்கள். ஆண் ஏறி, கீச்சென்று கத்திப் பக்கவாட்டில் விழுந்தால் முடிந்தது. மாட்டுக்குப் போல பருவம் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். முயலுக்குச் சேர்ந்த பிறகு 10 மணி நேரம் கழித்துத்தான் முட்டையே வெளியாகும்.

மேட்டூர்க்காரன்:
10 மணி நேரக் கணக்கு சரி அண்ணா. ஆனால் வெளியாவதற்கு முதிர்ந்த முட்டை உள்ளே இருக்க வேண்டுமே? பெண் உறுப்பு சிவந்து, தடித்து, ஈரமாக இருந்தால் பெட்டை பெரும்பாலும் தானே பின்பக்கத்தைத் தூக்கும். வெளிறி வறண்டிருந்தால் நீங்கள் பிடித்தாலும் சினை நிற்பது அபூர்வம். கரூர் தம்பி, புரட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். கொட்டகை, தீவனம் எப்படி என்றும் சொல்லுங்கள்.

நாமக்கல்_கூண்டு:
"அபூர்வம்" என்றால் நிற்கவே நிற்காது என்று அர்த்தமில்லை. சிவந்திருந்தும் பயத்தில் ஓடுகிற முதல் ஈத்துப் பெட்டைகள் எத்தனையோ. பிடிக்காமல் விட்டிருந்தால் என் கொட்டகையில் பாதிக் கூண்டு காலியாக இருக்கும். தீவனச் செலவை யார் தருவது?

கரூர்_தோட்டம்:
பார்த்தேன், வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மத்தியானம் அனல். தீவனத் தட்டு எப்போதும் நிறைந்தே இருக்கும். தாடைக்குக் கீழே பெரிய மடிப்பு தொங்குகிறது.

மேட்டூர்க்காரன்:
கொழுப்பு வைத்துவிட்டது தம்பி. அடர்தீவனத்தை (தானிய, புண்ணாக்குக் கலவையை) அளந்து வையுங்கள், வேலிமசால் பசுந்தீவனமும் முருங்கைத் தழையும் கூடுதலாகப் போடுங்கள். விளக்குப் போட்டு ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் கிடைக்கச் செய்யுங்கள்.

ஆனால் எனக்கு உங்கள் ஆண் மேல்தான் சந்தேகம். இந்த இனத்தை வைத்திருக்கும் மன்னவனூர் ஆராய்ச்சி மையம் இருப்பது கொடைக்கானல் மலைக் குளிரில். கரூர் வெயிலில் 32 டிகிரி தாண்டி நாள் கணக்கில் கிடந்தால் விந்து கெடும். ஆண் ஏறும், விழும், குட்டி மட்டும் வராது. வெயில் தணிந்தாலும் பழைய நிலைக்கு வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். அந்த ஆணிடம் பிடித்துக் கொடுத்து, முட்டை வெளியாகிக் கரு கூடவில்லை என்றால் பொய்ச்சினை, அதாவது குட்டி இல்லாமலே சினை போல இருக்கும். 16, 17 நாள் கிட்டவே சேர்க்காது. முடியைப் பிடுங்கிக் கூடுகூடக் கட்டும். நாமக்கல் அண்ணா, அந்த நாளுக்கான தீவனச் செலவு?

திண்டுக்கல்_வெள்ளை:
ரெண்டு பேரும் சுற்றி வளைக்கிறீர்கள். உடம்பு இளைத்து, வேறு ஆணிடம் விட்டும் நிற்கவில்லை என்றால் கறிக்குக் கொடுத்துவிடுங்கள். பிடித்துப் பிடித்து எடுத்த குட்டியைத் தாய்முயலாக வளர்த்தால் அதுவும் நாளைக்கு மூலையில்தான் உட்காரும்.

நாமக்கல்_கூண்டு:
எட்டு மாதப் பெட்டையைக் கறிக்கா? நல்ல யோசனை! பொய்ச்சினை விஷயத்தில் மேட்டூர் சொல்வதை ஏற்கிறேன், இந்த வெயிலில் பிடிக்க வேண்டாம். ஆனால் நிறம் மாறியும் அடித்தால் நான் பிடிக்கத்தான் சொல்வேன். அதற்கு முன் ஒரு ராத்திரி கூண்டை மாற்றிப் பாருங்கள்: பெட்டை ஆண் கூண்டில், ஆண் பெட்டை கூண்டில். வாடை பழகட்டும். மறுநாள் விடிகாலை ஆணை அதன் கூண்டுக்கே கொண்டுவந்து விடுங்கள்.

மேட்டூர்க்காரன்:
கூண்டு மாற்றுவதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. சேர்ந்தால் 14ஆம் நாள் வயிற்றைத் தடவிப் பாருங்கள். கோலிக்குண்டு அளவில் வழுக்கிக்கொண்டு ஓடினால் சினை. புழுக்கை கெட்டியாக இருக்கும், அதைப் பிடித்துவிட்டு இங்கே வந்து சந்தோஷப்படாதீர்கள்.

கரூர்_தோட்டம்:
சரி, தீவனத்தை இன்றே குறைக்கிறேன். கூரை மேல் தென்னங்கீற்றும் போட்டுவிடுகிறேன். ஆணையும் அதன் அடியில் மாற்றட்டுமா, தனி இடம் வேண்டுமா?

மேட்டூர்க்காரன்:
அதே கூரை போதும், காற்றோட்டமான ஓரக் கூண்டாகக் கொடுங்கள்.