கலைச்சொல்: பாயின்ட் கிளவுடில் சுவர், தூண், உத்திரம் பிரித்தறிதல் – 'உறுப்பறிதல்' எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். லேசர் ஸ்கேனரில் பாயின்ட் கிளவுடாக, அதாவது எண்ணற்ற புள்ளிகளின் திரளாகப் பதிவான கட்டடத்தில் எது சுவர், எது தூண், எது உத்திரம் என்று கணினியே பிரித்துச் சொல்லும் முறைக்குத் தமிழ்ப்பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். இதுவரை வந்தவற்றில் 'சொற்பொருள் கூறாக்கம்' என்பதற்கே ஆதரவு அதிகம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 'செமான்டிக் செக்மென்டேஷன்' என்ற ஆங்கிலப் பெயரின் இரண்டு சொற்களையும் அது அப்படியே பெயர்த்திருக்கிறது. செய்யப்படும் வேலை அதில் தெரியவில்லை.

வேலை என்ன என்று பார்ப்போம். முக்காலியில் நிற்கும் வருடி (ஸ்கேனர்) லேசர் ஒளியைச் சுற்றிலும் வீசி, பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு தொலைவைக் கணிக்கிறது. இன்று சில கருவிகள் நொடிக்கு 20 லட்சம் புள்ளிகள் வரை அளக்கின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று ஆயத்தொலைவுகள், திரும்பிய ஒளியின் வலிமை, சில கருவிகளில் நிறம். இவற்றுக்கு மேல் அதில் எதுவும் இல்லை. பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தை கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன் 2010இல் வருடியபோது 100 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள் கிடைத்தன. 2019 ஏப்ரலில் பேராலயம் தீப்பற்றிய பிறகு அந்தப் பதிவின் அருமை உலகுக்கே தெரிந்தது. ஆனாலும் அத்தனை புள்ளிகளில் ஒன்றுகூடத் தான் வளைவைச் சேர்ந்ததா தூணைச் சேர்ந்ததா என்று சொல்லாது. அதை ஒருவர் உட்கார்ந்து குறிக்க வேண்டும், அல்லது கணினி நிரல் குறிக்க வேண்டும்.

நிரல் குறிப்பதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. அருகருகே உள்ள புள்ளிகளின் செங்கோடுகள் (பரப்புக்குச் செங்குத்தான கோடுகள்) ஒரே திசையில் இருந்தால் அவற்றைச் சேர்த்துக்கொண்டே போவது. அல்லது ஃபிஷ்லரும் போல்ஸும் 1981இல் வெளியிட்ட ரான்சாக் முறைப்படி, தற்செயலாகச் சில புள்ளிகளை எடுத்து ஒரு சமதளத்தைப் பொருத்தி, அதில் எத்தனை புள்ளிகள் அடங்குகின்றன என்று பார்ப்பது. இரண்டிலும் கிடைப்பவை வடிவத் துண்டுகள். இதைக் கூறாக்கம் என்றால் முழுக்கப் பொருந்தும்.

ஆனால் கூறு வேறு, சுவர் வேறு. சாத்திய கதவும் அதை ஒட்டிய சுவரும் ஏறக்குறைய ஒரே சமதளத்தில் அமைந்தால் நிரலுக்கு இரண்டும் ஒரே கூறு. இதற்கு நேர்மாறாக, ஒரே சுவர் பெரும்பாலும் இரண்டு கூறாக வரும். கூடத்தில் நின்று வருடினால் சுவரின் இந்தப் பக்கம், அறையில் நின்று வருடினால் அந்தப் பக்கம். வருடி நின்ற இரண்டு இடங்களின் பதிவையும் இணைத்த பிறகுதான் நடுவே உள்ள தடிமன் தெரியும். லேசர் செங்கல்லைக் காண்பதில்லை, பூச்சை மட்டுமே காண்கிறது. அந்த இரு பூச்சு முகங்களையும் சேர்த்து 'இது ஒரு சுவர், ஒன்பது அங்குலம்' என்று சொல்கிற இடத்தில்தான் பொறியாளருக்குப் பயன் பிறக்கிறது. அந்த இடத்துக்குத்தான் பெயர் வேண்டும்.

2017இல் வந்த பாயின்ட்நெட் என்ற நரம்பு வலையமைப்பை (நியூரல் நெட்வொர்க்) எடுத்துக்கொண்டால் என் மறுப்பு இன்னும் வலுப்படும். அது முதலில் கூறுகளை வெட்டிவிட்டுப் பிறகு பெயரிடுவதில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் நேரடியாக வகையைத் தந்துவிடுகிறது. கூறே ஆக்காத முறையைக் கூறாக்கம் என்பானேன்? 'சொற்பொருள்' என்பதும் இங்கு ஒட்டவில்லை. மொழியியலில் அதற்கு உறுதியான பொருள் இருக்கிறது. இங்கே சொல்லும் இல்லை, சொல்லுக்குப் பொருளும் இல்லை. ஒரு புள்ளி கட்டடத்தின் எந்த உறுப்பைச் சேர்ந்தது என்று அறிவது மட்டுமே நடக்கிறது.

அதனால் என் பரிந்துரை 'உறுப்பறிதல்'. இடம் தெளிவாக வேண்டுமென்றால் 'கட்டட உறுப்பறிதல்'. 'எலிமென்ட்' என்றதும் 'தனிமம்' என எழுதிய ஒரு கட்டுரையைப் படித்தேன்; வேதியியல் மாணவர் அதைக் கண்டால் திகைப்பார். உறுப்பு என்ற சொல் கட்டடத்துக்குப் புதிதும் அல்ல. கோயிற்கலை ஆய்வாளர்கள் தாங்குதள உறுப்புகள், கூரையுறுப்புகள் என்று நெடுங்காலமாக எழுதிவருகிறார்கள். உறுப்பறி நிரல், உறுப்பறிந்த புள்ளித்திரள், உறுப்பறியாப் புள்ளிகள் என்று சொல் நன்றாகக் கிளைக்கிறது. விமானத்திலிருந்து எடுத்த பதிவில் நிலம், மரம், நீர், கட்டடம் என்று பிரிப்பதற்கு இது பொருந்தாது. அங்கே வகைப்படுத்தல் போதும்.

'புள்ளித்திரள்' என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். 'புள்ளி மேகம்' அழகான சொல்தான். ஆனால் மேகக் கணிமை (கிளவுட் கம்ப்யூட்டிங்) வழக்கில் ஊன்றிவிட்டது. புள்ளிமேகத்தை மேகத்தில் சேமித்தோம் என்று நாளை எழுத நேரும்.

உறுப்புகளின் பெயர்களில்தான் எனக்கு உண்மையான கவலை. பள்ளிக் கணிதத்தில் தளம் என்றால் பிளேன். கட்டடத்தில் தளம் என்றால் நாம் நடக்கும் தரை, சில சமயம் மாடி. கோயில் விமானத்தில் இருதளம், முத்தளம் என்று நிலைகளை எண்ணுவதும் அதே சொல்லால்தான். 'தளத்தைக் கண்டறிந்து தளம் எனக் குறித்தது' என்ற வரியைப் படிப்பவர் என்ன புரிந்துகொள்வார்? இதைவிடக் கடினமானது விட்டம். தூணுக்கு உருளையைப் பொருத்தினால் நிரல் தருவது தூணின் விட்டம். தூணின் மேல் கிடப்பதையும் ஊரில் விட்டம் என்றே சொல்கிறார்கள். எனவே இந்தத் துறைக்குள் மட்டுமாவது தளம், விட்டம் இரண்டையும் வடிவியலுக்கு விட்டுவிட்டு, கட்டடத்துக்குத் தரை, மாடி, உத்திரம் என்று வைத்துக்கொள்வோம். சீலிங்குக்கு விதானம். சித்தன்னவாசலில் அண்ணாந்து பார்க்கும் ஓவியத்தை விதான ஓவியம் என்கிறோம். அறைக்குள் நிற்கும் வருடி காண்பதும் அந்த அடிப்பக்கத்தை மட்டுமே. கூரை என்று எழுதினால் மேல்பக்கமும் சேர்ந்துவிடும்.

இந்தப் பெயர்களைத் தரவுத்தொகுப்புகளில் வைத்துச் சோதிக்கலாம். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தினர் 2016இல் வெளியிட்ட உள்ளரங்கத் தொகுப்பில் 13 வகைகள்: விதானம், தரை, சுவர், உத்திரம், தூண், சன்னல், கதவு, மேசை, நாற்காலி, சோபா, புத்தக அலமாரி, பலகை, ஏனையவை. எல்லாம் இயல்பாக உட்கார்ந்துவிட்டன. அதன் ஐந்தாம் பகுதியைச் சோதனைக்கு ஒதுக்கும்போது பல வலையமைப்புகள் உத்திரத்தில் பூஜ்யத்தை ஒட்டிய மதிப்பெண்ணே பெறுகின்றன. கற்ற பகுதிகளில் உள்ள உத்திரங்களும் அங்குள்ளவையும் வேறு மாதிரி. 'இன்டர்செக்ஷன் ஓவர் யூனியன்' எனப்படும் அந்த மதிப்பெண்ணுக்குப் பாடநூலிலேயே சொற்கள் தயாராக உள்ளன: கணங்களின் வெட்டு, சேர்ப்பு. ஆகவே 'வெட்டு–சேர்ப்பு விகிதம்'.

மரபுக் கட்டடங்களுக்கென 2020இல் வந்த 'ஆர்ச்' தொகுப்பில் வளைவு, வளைகூரை, அலங்காரப் பட்டி போன்ற வகைகள் உள்ளன. ஐரோப்பியத் தேவாலயங்களுக்கும் தூண்வரிசைத் தாழ்வாரங்களுக்கும் அவை பொருந்தும். தூண், போதிகை (தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் உறுப்பு), உத்திரம் என்று கல்லை அடுக்கும் நம் மண்டபத்தை அந்த வகைகளோடு உறுப்பறிய விட்டால் போதிகை தூணோடு போகும், அல்லது 'ஏனையவை'யில் விழும். வெளியே வளைந்து நீளும் கூரை விளிம்பான கொடுங்கைக்கு அங்கு இடமே இல்லை. நம் கோயில்களைப் பதிவு செய்பவர்கள் அந்தப் பட்டியலை மொழிபெயர்த்துக்கொண்டு நின்றுவிடக் கூடாது. போதிகை, கொடுங்கை, தாங்குதளத்தின் குமுதம், பட்டிகை ஆகியவற்றைத் தனி வகைகளாகவே குறிக்க வேண்டும். இல்லையென்றால் நிரல் அவற்றை ஒருபோதும் கற்காது. இதை மிகுந்த அக்கறையோடு வேண்டுகிறேன்.

ஒரு சொல் இன்னும் அமையவில்லை. ஆயிரங்கால் மண்டபத்தில் எல்லாப் புள்ளிகளுக்கும் 'தூண்' என்று பெயர் வந்துவிட்டால் உறுப்பறிதல் முடிந்தது. ஆனால் சாய்ந்திருக்கும் ஒரு தூணைப் பழுதுபார்க்க, இந்தத் தூண் வேறு, அடுத்தது வேறு என்று ஒவ்வொன்றையும் பிரிக்க வேண்டும். 'இன்ஸ்டன்ஸ் செக்மென்டேஷன்' என்பது இதைத்தான். 'நிகழ்வுக் கூறாக்கம்' என்று சிலர் எழுதுகிறார்கள். தூண் எப்படி நிகழ்வாகும்? 'தனியுறுப்பறிதல்' என்று எனக்குத் தோன்றுகிறது, சற்று நீளம்தான். இதைவிடச் சுருக்கமாகவும் தெளிவாகவும் ஒன்று உங்களிடம் இருந்தால், அதை ஒரு முழு வாக்கியத்தில் பயன்படுத்தி எழுதுங்கள்.

அன்புடன்.